பதினோரு புள்ளி வித்தியாசம்

ஜூன் 4, ஞாயிறு

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி இன்றோடு நான்கு நாள். ஊரில் ஆண்கள் எல்லாரும் கரையில் இருக்கிறார்கள். அதாவது, வீட்டில் இருக்கிறார்கள். என் வீட்டு ஆள் நேற்று அடுக்களை அலமாரியைச் சுத்தம் செய்கிறேன் என்று இறங்கி, சீனி இருந்த இடத்தில் உப்பை வைத்துவிட்டார். காலையில் நான் குடித்த காப்பியை இங்கே விவரிக்க விரும்பவில்லை.

இன்று தொடங்க வேண்டிய இரண்டாம் டிவிஷன் லீக், மைதானத்தில் முட்டளவு தண்ணீர் நிற்பதால் ஒரு வாரம் தள்ளிப்போனது. ஒரு வாரம்தானே, போகட்டும்.

புது நோட்டு என்பதால் முறைப்படி எழுதிவைக்கிறேன். நான் செலின். ஐஸ் கம்பெனியில் கிளார்க். மாதாமுனை சமுத்திரத் தாரகை கால்பந்துக் கழகத்தின் செயலாளர். செயலாளரானதற்குக் காரணம், கழகத்தில் பிழையில்லாமல் கடிதம் எழுதத் தெரிந்த ஆள் வேறு யாரும் இல்லை. என் கணவர் ததேயு விசைப்படகு ஓட்டுகிறார், தாரகையின் கோல்கீப்பர். வயது நாற்பத்தொன்று. இருபத்துமூன்று வருடமாகப் போஸ்டில் நிற்கிறார். ஒருநாள்கூட முதல் டிவிஷனில் ஆடியதில்லை. இந்த வருடத்தோடு நிறுத்திவிடுவேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். தாரகை மேலே போனால் இன்னும் ஒரு வருடம் நிற்பார். ஒரே ஒரு மேட்சாவது மேல் டிவிஷனில் ஆடிவிட்டு அவர் கையுறையைக் கழற்ற வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். கழகத்துக்காகச் சொல்கிறேன், அவருக்காக அல்ல.

ஜூன் 11, ஞாயிறு

முதல் மேட்ச். 2-0. அவர் நான்கு பந்தைப் பிடித்தார். ஐந்தாவது பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது, அதையும் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

ஜூன் 25, ஞாயிறு

ஐந்து மேட்ச் முடிந்து நான்கு வெற்றி, ஒரு டிரா. பேண்ட் சட்டை துவைத்து மாளவில்லை. மைதானத்துச் சகதி ஒரு வகை, கடல் சகதி வேறு வகை. கடல் சகதி தண்ணீரில் போகும், இது சோப்புக்கும் மசிவதில்லை.

லாசர் வந்து கொஞ்ச நேரம் இருந்தான். எங்கள் இரண்டாவது கோல்கீப்பர். கோயில்பிள்ளை வேலை பார்க்கிறான்: மணியடிப்பது, பூசைக்கு வேண்டியதை எடுத்துவைப்பது. கடலுக்குப் போகாதவன். ஆறு வருடமாகப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான், ஆனால் எந்த மேட்சுக்கும் தவறியதில்லை. அவனுக்கு முகம் வாடியதே கிடையாது.

"மைனி, அண்ணனுக்குக் காச்சல் வரணும்னு நா ஒருநாளும் ஜெபிச்சதில்ல கேட்டியளா" என்றான்.

"ஜெபிச்சாலும் வராது, அந்த ஒடம்பு அப்பிடி" என்றேன்.

ஜூலை 2, ஞாயிறு

தோல்வி. பருப்பும் கரிந்தது.

ஜூலை 12, புதன்

மூன்று வெற்றி தொடர்ந்து. இரண்டாம் இடத்தில் உட்கார்ந்துவிட்டோம். ஊரே இதைத்தான் பேசுகிறது. மீன் ஏலம் விடும் இடத்தில் ஒருத்தி கேட்டாள்: "ரெண்டாவது வந்தா நேரா மேல போயிருவியளா பிள்ளே?"

முன்பெல்லாம் அப்படித்தான். முதல் இரண்டு அணிகளும் மேலே போகும். இந்த வருடத்திலிருந்து முதல் அணி மட்டும்தான் நேரே போகும். இரண்டாவதும் மூன்றாவதும் ஒரு மேட்ச் ஆட வேண்டும், ஜெயிப்பவர் மேலே. பிளே ஆஃப் என்று பெயர். லீக் கூட்டத்தில் யாரோ கொண்டுவந்த விதி என்று அவளிடம் சொன்னேன்.

ஜூலை 23, ஞாயிறு

யாரோ அல்ல, நான்தான்.

இன்று சிவதாணு அண்ணாச்சி போனில் கூப்பிட்டுச் சிரித்த சிரிப்புக்குப் பிறகு மறைத்து எழுதி என்ன பிரயோசனம்? அவர் வேளிமலை யுனைடெட்டின் செயலாளர். ரப்பர் ஷீட் அடிக்கும் ஷெட் வைத்திருக்கிறார். அவர்கள் இப்போது மூன்றாம் இடம். எங்களுக்கும் அவர்களுக்கும் வித்தியாசம் பத்துப் புள்ளிக்கு மேல். இனி ஒரு மேட்ச்தான் பாக்கி, அதனால் இடம் மாற வழியே இல்லை.

போன வருடம் நாங்கள் மூன்றாவது. ஒரே ஒரு புள்ளியில் போயிற்று. கடைசி மேட்சின் கடைசி இரண்டு நிமிடத்தில், நேராக வந்த பந்து ததேயுவின் கையிலிருந்து நழுவி உள்ளே உருண்டது. அன்று இரவே உட்கார்ந்து இந்த விதியை எழுதினேன். மூன்று பக்கம். அடுத்த வாரக் கூட்டத்தில் நானே வாசித்தேன். கடைசி வாரம் வரை எல்லா அணிக்கும் நம்பிக்கை இருக்கும், கூட்டம் வரும், ஒரே ஒரு நழுவலுக்காக ஒருவன் வருடமெல்லாம் ஓடியது வீணாகக் கூடாது என்று பேசினேன். எல்லாரும் கை தூக்கினார்கள். எதிர்த்தவர் சிவதாணு அண்ணாச்சி ஒருவர்தான். "ரெண்டு மாசம் ஓடி வாங்கின எடத்த ஒன்றர மணி நேரத்துல பறிக்கியது என்ன நியாயம்?" என்று கேட்டார். நான் அவரை விடவில்லை. வாயாடியே ஜெயித்தேன்.

இன்று அவர் சொன்னார்: "மக்களே, நீ சொன்ன நியாயம் இப்பம் எனக்குக் கெடச்சிருக்கு. நா சொன்ன நியாயம் ஒனக்கு வேண்டியிருக்கு. எப்பிடி இருக்கு பாத்தியா?"

சிரித்துவிட்டேன். பிறகு கொஞ்ச நேரம் சிரிப்பு வரவில்லை.

ஜூலை 26, புதன்

லீக் முடிந்தது. டவுன் பாய்ஸ் 36, தாரகை 33, வேளிமலை 22. பதினோரு புள்ளி வித்தியாசம்! பையன்கள் ததேயுவைத் தோளில் தூக்கினார்கள். அவரைத் தூக்க ஆறு பேர் வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்து பிளே ஆஃபுக்கு எந்தத் தேதி என்று விதியைப் பிரித்துப் பார்த்தேன். 'லீக் முடிந்து பத்து நாள் இடைவெளி விட்டு, அடுத்து வரும் ஞாயிறு.' என் கையெழுத்து. பத்து நாள் என்றால் ஆகஸ்ட் ஐந்து. அடுத்த ஞாயிறு, ஆகஸ்ட் ஆறு.

தடைக்காலம் ஜூலை முப்பத்தொன்றோடு முடிகிறது. அன்று நடுச்சாமம் தாண்டியதும் இந்தக் கரையின் விசைப்படகு எல்லாம் கடலில் இருக்கும். போனால் மூன்று வாரம். எங்கள் பதினோரு பேரில் ஏழு பேர் படகில் போகிறவர்கள். ததேயு உட்பட.

லீக் ஜூன் நாலில் தொடங்கியிருந்தால் பிளே ஆஃப் ஜூலை முப்பதில் வந்திருக்கும். நான் போட்ட கணக்கு அதுதான். மழை ஒரு வாரத்தைத் தின்றது. அப்போதே எண்ணிப் பார்த்திருக்கலாம், லீக்காரர்களிடம் பேசியிருக்கலாம். ஆனால் எங்கள் கரையில் வலை இழுக்கும்போது மீனைப் பற்றி யாரும் வாய் திறக்க மாட்டார்கள். பேசினால் மீன் போய்விடுமாம். அந்தப் பழக்கத்தில் இரண்டு மாதமாகப் பிளே ஆஃப் தேதியை நானும் எண்ணவில்லை, கழகத்தில் வேறு யாரும் எண்ணவில்லை.

அவர் தூங்கிவிட்டார். காலையில் சொல்கிறேன்.

ஜூலை 27, வியாழன்

காலையில் சொன்னேன். "ம்" என்றார். பல் விளக்கப் போய்விட்டார்.

ஐஸ் கம்பெனியில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு, தக்கலைக்கு பஸ் ஏறி, அங்கிருந்து ஆட்டோ பிடித்து சிவதாணு அண்ணாச்சியின் ஷெட்டுக்குப் போனேன். இரண்டு கழகமும் சம்மதித்தால் தேதியை மாற்றலாம் என்று விதியில் இருக்கிறது. நல்லவேளை, அதையும் நான் எழுதியிருக்கிறேன்.

"வா மக்களே, இரி. மொதல்ல தண்ணி குடி."

"அண்ணாச்சி, மேட்ச்ச இந்த ஞாயித்துக்கெழமையே வச்சுக்கிடலாமா? அடுத்த ஞாயிறுன்னா எங்க ஆளுவ கடல்ல கெடப்பாவ."

"பத்து நாளு வேணும்னு போன வருஷம் மேசையில அடிச்சுப் பேசினது ஆரு?"

"நாந்தான்."

"என்னத்துக்குன்னு ஓர்மையிருக்கா?"

நினைவிருக்கிறது. லீக்கில் அடிபட்டவன் தேறி வருவதற்கு. அவர் ஷெட்டின் மூலையைக் காட்டினார். அவர்களுடைய சென்டர் ஃபார்வர்ட் கணுக்காலில் கட்டோடு ஸ்டூலில் உட்கார்ந்து என்னைப் பார்த்தான். நேற்று விழுந்தானாம். டாக்டர் பத்து நாள் சொல்லியிருக்கிறார். எழுந்து வணக்கம் சொல்லப் பார்த்தான். உட்காரு தம்பி என்றேன்.

"மொறையப் பாத்தா நீங்கதான் மேல போகணும். பதினோரு புள்ளி சும்மாவா? இத நா மேட்ச் முடிஞ்ச பெறவும் சொல்லுவேன்" என்றார் அண்ணாச்சி. "ஆனா இவனுவளும் ரெண்டு மாசம் ஓடியிருக்கானுவ. விட்டுக்குடுங்கலேன்னு சொல்ல எனக்கு வாய் வரல்ல. கேட்டுப் பாக்கேன். அவனுவ சொல்லுகதுதான்."

ஒரு பலாப்பழத்தை என் மறுப்பைப் பொருட்படுத்தாமல் ஆட்டோவில் ஏற்றிவிட்டார். மனுஷனைக் கோபித்துக்கொள்ளவும் வழியில்லை.

ஜூலை 28, வெள்ளி

போன் வந்தது. பையன்கள் ஒத்துக்கொள்ளவில்லை. "கோவப்படாத மக்களே" என்றார். கோபமில்லை என்று சொன்னேன். பொய்.

ஜூலை 29, சனி

ததேயுவிடம் சண்டை போட்டேன். சண்டை என்றால் நான் மட்டும் போட்டது. அவர் மீன் பெட்டி கழுவிக்கொண்டிருந்தார்.

"மத்தவங்க போகட்டும். நீங்க மட்டும் ஒரு வாரம் கழிச்சுப் போங்க. இந்த ஒரு தடவைக்குப் படக வேற ஆளு ஓட்டட்டும்."

"பத்து பேரு நா ஓட்டுகேன்னு நம்பி ஏறுகானுவ. ரெண்டு மாசமா சும்மா கெடந்தவனுவ. எப்பிடிப் பிள்ளே?"

"அப்பம் இருவத்துமூணு வருஷம்?"

பெட்டியைக் கவிழ்த்துத் தண்ணீரை வடித்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "ஒத்த மேட்ச்னாலே எனக்குப் பயமாக்கும். பதினாலு மேட்ச்னா ஒண்ணுல விட்டத அடுத்ததுல புடிச்சிரலாம்."

விளையாட்டுக்குச் சொல்கிறார். அத்தனை வருடம் போஸ்டில் நின்றவருக்குப் பயமாம்!

ஜூலை 31, திங்கள்

கடலுக்குக் கொண்டுபோகும் பெட்டியை அடுக்கினேன். நாரத்தங்காய் ஊறுகாய், வறுத்த தேங்காய்ச் சம்மந்திப் பொடி, அவருடைய முட்டுவலித் தைலம், இரண்டு லுங்கி, ஜெபமாலை. கோபத்தில் சம்மந்தியை வழக்கத்தைவிட அதிகமாக வைத்துவிட்டேன்.

சாயங்காலம் பங்குச்சாமி ஜெபம் சொல்லிப் படகுகளை மந்திரித்தார். துறைமுகத்தில் கால் வைக்க இடமில்லை. ததேயு தன் கையுறையை லாசரிடம் கொடுத்தார். லாசர் அதை இரண்டு கையிலும் ஏந்தி வாங்கினான், சாமியிடம் நற்கருணை வாங்குகிறவன்போல.

"பந்தப் பாரு. ஆளப் பாக்காத" என்று மட்டும் சொன்னார்.

என்னிடம், "போயிட்டு வாறேன்" என்றார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். இப்போது வீட்டில் உட்கார்ந்திருக்க எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

ஆகஸ்ட் 3, வியாழன்

பயிற்சிக்குப் பதினான்கு பேர் வந்தார்கள். இரண்டு ஆட்டோ டிரைவர்கள், ஒரு பாங்க் கிளார்க், கல்யாணமாகி ஆடுவதை விட்டிருந்த மூன்று பேர், இப்படி. லாசர் விழுந்து விழுந்து பிடித்தான். முழங்கை தோல் உரிந்துவிட்டது. மஞ்சள் பூசிவிட்டேன்.

வீடு மறுபடி என் வசம். உப்பு தன் இடத்துக்கு வந்துவிட்டது. ஆனாலும் இன்று மூன்று தடவை அவரைக் கூப்பிடப் பார்த்தேன்.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

0-1.

அதை முதலில் எழுதிவிட்டால் மிச்சத்தை எழுதலாம்.

நாகர்கோவிலில் மேட்ச். எங்கள் ஊரிலிருந்து நான்கு வேன் நிறையப் பெண்கள் வந்திருந்தார்கள், ஆண்கள் கடலில் அல்லவா. முதல் பாதி முழுக்க வேளிமலைப் பையன்கள் எங்கள் பக்கமே கிடந்தார்கள். லாசர் மூன்று பந்தைப் பிடித்தான். மூன்றும் ததேயுகூடக் கஷ்டப்பட்டுப் பிடிக்கும் பந்து. எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. அதுதான் தப்பு.

எழுபதாவது நிமிடம். அந்தக் கணுக்கால் பையன் தூரத்திலிருந்து ஒன்றை உதைத்தான். பலமே இல்லாத பந்து. அழகாக லாசரின் கைக்கு வந்தது, கையுறையில் பட்டது, காலுக்கு நடுவே உருண்டு உள்ளே போனது.

அந்த நிமிடம் லாசரை எனக்குப் பிடிக்கவில்லை. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும். பத்து பேர் முன்னால் நான் "ஐயோ, இந்தப் பந்தையா" என்று கத்தினேன். அவன் காதில் விழுந்திருக்கும்.

முடிந்ததும் சிவதாணு அண்ணாச்சி கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். கண் கலங்கியிருந்தது. "நா சொன்னது சொன்னதுதான் மக்களே. இது நியாயமில்ல. வாற கூட்டத்துல நானே எழுதிக் குடுப்பேன். நீ வழிமொழிவியா?" என்றார். பிறகு சொல்கிறேன் என்றேன். வேனில் லாசர் கடைசி சீட்டில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தான். அவன் பக்கத்து இடம் காலியாகவே வந்தது.

ஏழு மணிக்குத் துறைமுகத்து வயர்லெஸ் அறைக்குப் போனேன். ததேயுவின் படகு நேரே எட்டாத தூரத்தில் கிடக்கிறது. நடுவில் உள்ள படகு நாம் சொல்வதைக் கேட்டு அங்கே சொல்லும், அவர் சொல்வதை நமக்குச் சொல்லும். இன்று நடுவில் இருந்தது பக்கத்து ஊர்ப் படகு. அதை ஓட்டுகிறவரை எனக்குத் தெரியாது. அலைவரிசை ஒன்றுதான், இந்தக் கடலில் இருந்த எல்லாப் படகும் எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தது.

"தோத்துட்டோம்னு சொல்லுங்க. ஒண்ணுக்குப் பூஜ்யம்" என்றேன்.

கொரகொரவென்று சத்தம். பிறகு அந்த ஆளின் குரல்: "எப்பிடிப் போச்சுன்னு கேக்காரு."

"லாசர் கையில இருந்து நழுவிட்டு."

மறுபடி கொரகொர. இந்தத் தடவை நேரமாயிற்று. அந்த ஆள் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அம்மா, உங்க மாப்பிள சொல்லுகாரு, லாசர வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயி சோறு குடுக்கணுமாம். போன வருஷம் அவருக்கு ஒருத்தரும் குடுக்கலியாம்." கொஞ்சம் நிறுத்தி, "அப்பிடித்தான் சொன்னாரு. நா ஒண்ணும் சேக்கல்ல" என்றார்.

நான் மைக்கைப் பிடித்தபடி நின்றேன். வயர்லெஸ் அறைக்காரர் வெளியே போய் நின்றுகொண்டார்.

போன வருடம் அந்த இரவில் அவர் அடுக்களைத் தரையில் உட்கார்ந்திருந்தார். நான் முன்னறையில் இந்த விதியை எழுதிக்கொண்டிருந்தேன். மூன்று பக்கம். அவருக்காகத்தான். வேறு யாருக்காக? இடையில் ஒரு தடவை எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன், அவரைத் தாண்டித்தான் போயிருப்பேன். சாப்பிட்டீங்களா என்று நான் கேட்டதாக எனக்கு நினைவில்லை. கேட்கவில்லை.

லாசரைத் தேடிப் போனேன். கோயிலில் மெழுகுவர்த்தித் தட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"எனக்குப் பசிக்கல்ல மைனி."

"பசிக்காட்டாலும் வா. உங்க அண்ணன் கடல்ல இருந்து உத்தரவு போட்டிருக்காரு. நா கத்தினதுக்கு மன்னிச்சுக்கோ."

வந்தான். சாளை மீன் குழம்பு, முட்டைப் பொரியல். முதல் உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு அழுதான். நானும் அழுதேன். பிறகு மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டான்.

ஆகஸ்ட் 9, புதன்

அண்ணாச்சி சொன்னபடியே எழுதி அனுப்பிவிட்டார். 'முதல் இரண்டு அணிகளும் நேரடியாக மேலே செல்லும் பழைய முறையே இருக்க வேண்டும்.' ஜெயித்தவர் இதை எழுதியிருக்கிறார்! கீழே வழிமொழிகிறவர் கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறார். தாளை அலமாரியில் வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 24, வியாழன்

படகு வந்தது. கறுத்து, தாடி வைத்து, பாதி ஆளாக இறங்கினார். குளிக்க வெந்நீர் போட்டேன். சாப்பிட உட்கார்ந்ததும் நானும் எதிரே உட்கார்ந்தேன். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை. "என்ன, இண்ணைக்கு ஆபீஸ் இல்லியா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

"அடுத்த ஜூன்ல நிப்பியளா?" என்று கேட்டேன்.

"நாப்பத்திரெண்டு ஆகும். முட்டு வலிக்கும்." விரலைச் சூப்பினார். "நிக்கேன். லாசரும் ஆடட்டும், பாதிப் பாதி."

அலமாரியிலிருந்து தாளை எடுத்துவந்தேன். "அண்ணாச்சி இத எழுதியிருக்காரு. பிளே ஆஃப் வேணுமா, வேண்டாமா? நீங்க சொல்லுங்க."

"வேண்டாம்."

யோசிக்கவே இல்லை. கூட்டத்தில் பேசுவதற்கு என்று இருபது காரணம் வைத்திருந்தேன், இந்தப் பக்கத்துக்குப் பத்து, அந்தப் பக்கத்துக்குப் பத்து. எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

"இத போன வருஷமே சொல்லியிருக்கலாம்லா?"

அவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். கேலி இல்லை, வருத்தமும் இல்லை.

"நீ கேட்டியா?" என்றார்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் தாளை அவரிடம் நீட்டினேன். கையைத் துடைத்துவிட்டு வாங்கினார். ஒவ்வொரு வரியாக, உதட்டை அசைத்து, முழுவதும் படித்தார். நான் காத்திருந்தேன்.

"செரி. போடு" என்றார்.